ஜப்பானில் ஊமையாகும் கைபேசி

நம் முன்னோர் பொருள் தேடிக் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினர். அவர்தம் மக்கள் வளைகுடா நாடுகளுக்கு வானூர்தியில் பறந்தனர். இன்றைய இளைஞர்களிலோ சிலர் கிழக்குத் திசை நோக்கி, சூரியன் உதிக்கும் நாடெனப் புகழப்படும் ஜப்பானுக்கும் கல்விக்காகவும் பணிக்காகவும் செல்லத் தொடங்கியிருக்கின்றனர். அங்கே வாழும் மகனையோ மகளையோ காண்பதற்கென்று வாப்பாவும் உம்மாவும் புறப்படுகின்ற நாளும் வருகிறது.

அவ்வாறு புறப்படுகிறவர்கள் மசாலாத் தூளை மறப்பதில்லை; ஊறுகாயை மறப்பதில்லை; குளிருக்குக் கம்பளிச் சட்டையும் பேரப்பிள்ளைகளுக்குப் பலகாரமும் பெட்டியில் இடம் பிடித்து விடுகின்றன. ஆனால் சட்டைப் பையில் இருக்கும் கைபேசி அந்த நாட்டில் வாய் திறந்து பேசுமா என்று விசாரித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. 'புதிய கைபேசிதானே, ஏன் பேசாது?' என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை காண, வாருங்கள், ஜப்பானின் ஒரு பெருநகரத்திலிருந்து ஒரு மலைக் கிராமம் வரை சேர்ந்தே ஒரு பயணம் போய் வருவோம்.

அகிஹபாராவின் கடைத்தெரு

டோக்கியோ மாநகரில் அகிஹபாரா என்றொரு பகுதி உண்டு. மின்கருவிகளின் சந்தை என்று உலகம் முழுவதும் பெயர் பெற்ற இடம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, நகரம் சாம்பல் மேடாகக் கிடந்த காலத்தில், வானொலி உதிரிப் பாகங்களைத் தெருவோரத்தில் பரப்பி விற்றவர்கள் தொடங்கி வைத்த வணிகம் இது. பின்னர் அந்தத் தெருவோரக் கடைகள் ரயில் பாலத்தின் அடியில் இடம் பெற்றன. 'ரேடியோ சென்டர்' எனப்படும் அந்தச் சின்னஞ்சிறு கடைகளின் வரிசையை இன்றும் நீங்கள் காணலாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. இருபுறமும் கம்பிச் சுருள்களும் சிறு விளக்குகளும் பொத்தான்களும் அரிசி மணி போல் டப்பாக்களில் நிரம்பியிருக்கும். தலைக்கு மேலே ரயில் கடகடவென்று ஓடும்.

அதே பகுதியில் பழைய கைபேசிகளை விற்கும் கடைகள் பல உள்ளன. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மீதும் ஒரு சிறு அட்டை ஒட்டியிருப்பார்கள். விலையும், கீறல் உண்டா இல்லையா என்பதும் மட்டுமல்ல, இந்தக் கைபேசி முதலில் எந்த நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டது என்பதும் அந்த அட்டையில் எழுதப்பட்டிருக்கும். நம்மூரில் பழைய கைபேசி வாங்குகிறவர் கேட்காத கேள்விக்கு அங்கே விடை எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது! காரணம் இல்லாமல் இல்லை.

ஜப்பானில் டொகோமோ, கே.டி.டி.ஐ., சாஃப்ட்பேங்க், ராகுடென் என நான்கு நிறுவனங்கள் கைபேசிச் சேவை நடத்துகின்றன. கே.டி.டி.ஐ. நிறுவனத்தின் சேவைக்கு 'ஏ.யூ.' என்று பெயர். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அரசு தனித்தனி அலைவரிசைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கென்று செய்யப்பட்ட ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பலவும் அந்த நிறுவனத்தின் அலைவரிசைகளை மட்டுமே முழுமையாகக் கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. 2022ஆம் ஆண்டில் அந்நாட்டு அமைச்சகத்தின் கூட்டங்களில் இது ஒரு குறையாகவே விவாதிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல், வெளிவரும் கைபேசிகளில் சிம் பூட்டுப் போடுவதற்குக் கொள்கையளவில் தடை வந்தது. பூட்டு போயிற்று, ஆனால் செவி ஒன்றாகவில்லை. பூட்டு இல்லாத கைபேசியில் எந்த நிறுவனத்தின் சிம் அட்டையையும் போடலாம். அந்த நிறுவனத்தின் அலைகள் அனைத்தும் அதன் காதில் விழுமா என்பது வேறு விஷயம்.

உலகம் ஒரு வழி, ஜப்பான் ஒரு வழி

சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நடந்தது. கல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நாம் அன்று ஏற்றுக்கொண்டது ஐரோப்பாவில் பிறந்த ஜி.எஸ்.எம். முறை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் அது இயங்கியது. பின்னர் 1800 சேர்ந்தது. வளைகுடா நாடுகளும் ஜி.எஸ்.எம். முறையில் 900 அலையையே கையாண்டன. ஆகவேதான் துபாயிலிருந்து வந்தவர் கொண்டுவந்த நோக்கியா கைபேசி, நம்மூர் சிம் அட்டையைப் போட்டதும் மறுபேச்சின்றி வேலை செய்தது. 'கைபேசி என்றால் எங்கும் பேசும்' என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றியதற்கு இதுவே காரணம் எனலாம்.

அந்தக் கைபேசியோடு அதே காலத்தில் ஒருவர் டோக்கியோவில் இறங்கியிருந்தால், அது கடிகாரமாக மட்டுமே பயன்பட்டிருக்கும். ஜப்பானில் ஜி.எஸ்.எம். முறை வந்ததே இல்லை. டொகோமோ நிறுவனம் 1993ஆம் ஆண்டில் பி.டி.சி. என்னும் சொந்த முறையைத் தொடங்கிற்று. 800, 1500 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் அது நடைபெற்றது. ஜப்பானுக்கு வெளியே அதற்கு வாழ்வில்லை. கே.டி.டி.ஐ. நிறுவனமோ 800 அலையில், கைபேசியிலிருந்து கோபுரத்துக்கு ஏறும் அலையையும் கோபுரத்திலிருந்து இறங்கும் அலையையும் பிற நாடுகளுக்கு நேர்மாறாக மாற்றி வைத்திருந்தது. அந்தத் தலைகீழ் ஏற்பாடு 2012ஆம் ஆண்டில்தான் முற்றாக ஒழிந்தது.

இவ்வளவுக்கும் ஜப்பானியர் பின்தங்கியவர்கள் அல்லர். 1999ஆம் ஆண்டிலேயே கைபேசியில் இணையத்தைத் தந்தவர்கள் அவர்கள். 2001 அக்டோபரில் மூன்றாம் தலைமுறைச் சேவையை உலகிலேயே முதன்முதலாக வணிக முறையில் திறந்தவர்களும் அவர்களே. ஆனால் அவர்களின் கைபேசி அவர்கள் தீவில் மட்டுமே வாழ்ந்தது. வேறெங்கும் காணாத உயிரினங்கள் தனித்து வாழும் காலபகோஸ் தீவுகளின் பெயரால், தங்கள் பழைய கைபேசிகளை 'காலபகோஸ் கைபேசிகள்' என்று ஜப்பானியரே வேடிக்கையாகக் குறிப்பிடுகின்றனர்.

ஆற்றைக் கடந்தால் மின்சாரமும் மாறும்

டோக்கியோவிலிருந்து மேற்கே போவோம். 1964ஆம் ஆண்டு முதல் ஓடும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒசாகா 515 கிலோமீட்டர். போகும்போது வலப்பக்கச் சன்னலோரம் அமருங்கள். வானம் தெளிந்திருந்தால், முக்கால் மணி நேரப் பயணத்தில் ஃபுஜி மலையின் வெண்முடி தெரியும். அதை ஒட்டி, அகன்ற கற்படுகையோடு கூடிய ஓர் ஆற்றின் மேல் ரயில் பாய்ந்து செல்லும். அது ஃபுஜி ஆறு. பார்வைக்குச் சாதாரணமான அந்த ஆற்றங்கரைதான் ஜப்பானை மின்சாரத்தால் இரண்டாக வகுக்கும் எல்லையின் ஒரு பகுதி.

ஆற்றுக்குக் கிழக்கே வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மேற்கே 60 ஹெர்ட்ஸ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோவின் மின் நிறுவனம் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்தது. ஒசாகாவின் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து தருவித்தது. இரண்டு வணிகர்கள் இரண்டு கடைகளில் கொள்முதல் செய்ததன் விளைவு, நூறாண்டு கடந்தும் தீரவில்லை. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்துப் பெரும் நிலநடுக்கத்தில் கிழக்கே மின் நிலையங்கள் முடங்கியபோது, மேற்கே இருந்த மின்சாரத்தை வேண்டிய அளவு அனுப்ப இயலவில்லை. ஒரு வகையை மற்றொரு வகையாக மாற்றும் நிலையங்களின் கொள்ளளவு அப்போது சுமார் 1,000 மெகாவாட் மட்டுமே. டோக்கியோ வட்டார மக்கள் முறை வைத்து இருளில் இருந்தனர்.

கைபேசியைப் பற்றிப் பேச வந்து மின்சாரத்தைப் பேசுவானேன் என்று எண்ண வேண்டாம். தொடக்கத்தில் ஒருவர் எடுக்கும் முடிவு, பின்வரும் தலைமுறைகளை எவ்வாறு கட்டிப்போடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. அலைவரிசையும் அப்படித்தான். எந்த நாட்டில் எந்த அலை காவல்துறைக்கோ தொலைக்காட்சிக்கோ முன்பே கொடுக்கப்பட்டிருந்ததோ, அதை விடுத்து எஞ்சியதையே கைபேசிக்குக் கொடுத்தார்கள். நாட்டுக்கு நாடு எஞ்சியது வேறு வேறாக இருந்தது.

முரசும் கிளாரினெட்டும்

அலைவரிசை மாறினால் என்ன நேரும்? நம்மூர்க் கல்யாண ஊர்வலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். பேண்டு வாத்தியம் இரண்டு தெருக்களுக்கு அப்பால் வரும்போதே பெரிய முரசின் அதிர்வு வீட்டுக்குள் கேட்டுவிடும். கிளாரினெட்டின் மெல்லிய நாதம், ஊர்வலம் நம் தெருமுனைக்குத் திரும்பிய பிறகே காதில் விழும். தாழ்ந்த ஒலி சுவரையும் மூலையையும் கடந்து வரும்; உயர்ந்த ஒலி தடைபட்டு நின்றுவிடும்.

வானொலி அலைகளும் இவ்வாறே நடந்துகொள்கின்றன. 2100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 14 சென்டிமீட்டர். 800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 37 சென்டிமீட்டர். நீண்ட அலை மலை முகட்டை வளைந்து இறங்கும். மரச்செறிவையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஒரே கோபுரம் வெகு தூரம் எட்டும். குறுகிய அலைக்கு அத்தகைய ஆற்றல் குறைவு. ஆனால் உயர் அலைவரிசைகளில் அகன்ற இடம் கிடைப்பதால், கூட்டம் நெருக்கும் நகரத்தில் ஆயிரமாயிரம் பேர் ஒரே நேரத்தில் படம் பார்க்கவும் பேசவும் அதுவே உதவும். ஆகவே நகரத்தில் உயர் அலையும், மலையிலும் கடலோரத்துச் சிற்றூரிலும் தாழ் அலையும் என்று நிறுவனங்கள் பகிர்ந்து நிறுத்துகின்றன.

ஜப்பானில் டொகோமோ, கே.டி.டி.ஐ., சாஃப்ட்பேங்க் ஆகிய மூன்றுக்கும் 2100 அலை பொது. உலக வழக்கில் இதற்குப் பேண்டு 1 என்று எண். நம் நாட்டுக் கைபேசிகளிலும் இது உண்டு. தாழ் அலையில்தான் வழி பிரிகிறது. டொகோமோவின் 800 அலைக்குப் பேண்டு 19 என்று எண். கே.டி.டி.ஐ. வைத்திருக்கும் 800 அலை, பேண்டு 18 அல்லது 26. சாஃப்ட்பேங்க் 2012ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய 900 அலை, பேண்டு 8. கடைசியாக 2020இல் சேவை தொடங்கிய ராகுடென், 1700 அலையான பேண்டு 3 ஒன்றோடு களமிறங்கி, தன் கோபுரம் இல்லாத இடங்களில் கே.டி.டி.ஐ.யின் 800 அலையை வாடகைக்கு எடுத்தது. தனக்கென 700 அலையை 2024இல்தான் இயக்கத் தொடங்கியது.

இந்தியாவில் விற்கும் கைபேசியின் விவரக் குறிப்பைப் பாருங்கள். பேண்டு 1, 3, 5, 8, 40, 41 என்பவை பெரும்பாலும் இருக்கும். பேண்டு 19 பலவற்றில் இராது. இதில் ஒரு விந்தை உண்டு. நம் நாட்டில் ஜியோ நிறுவனம் கையாளும் பேண்டு 5இன் எல்லைக்குள்ளேயே டொகோமோவின் பேண்டு 19 அடங்கிவிடுகிறது. அலை ஒன்றுதான்; பெயர் வேறு. ஆயினும் கோபுரம் தன்னை 19 என்று அறிவிக்கும்போது, அந்த எண்ணைத் தன் பட்டியலில் வைத்திராத கைபேசி பொதுவாக அதனைத் திரும்பியும் பாராது. வேறு பல அலைவரிசைகளுக்கோ கைபேசிக்குள் தனி வடிகட்டியும் அலைபெருக்கியும் வேண்டும். அவை தொழிற்சாலையில் பொருத்தப்படுபவை. விசையைத் தட்டியோ புதிய மென்பொருளை ஏற்றியோ பின்னர் அவற்றை வரவழைக்க முடியாது.

தோட்சுகாவாவுக்குப் போகும் பேருந்து

இனி மலைக்குப் போவோம். ஒசாகாவுக்குத் தெற்கே கீ தீபகற்பம் என்னும் மலைநாடு கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் வடக்கே நாரா மாநிலத்து யமாதோ-யாகி ரயில் நிலையத்திலிருந்து தெற்குக் கடலோரத்து ஷிங்கூ நகரம் வரை ஒரு பேருந்து போகிறது. விரைவுச் சாலையைத் தொடாமல் செல்லும் பேருந்து வழிகளில் ஜப்பானிலேயே நீளமானது இதுவே. ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஆறரை மணி நேரம். வழியில் நம் உணவு முறைக்கு ஏற்றது கிடைப்பது அரிது; ஆகவே பழமும் ரொட்டியும் யாகியிலேயே வாங்கிக் கொள்வது நல்லது.

முதல் ஒரு மணி நேரம் வயலும் வீடுமாகச் சமவெளி. கோஜோ நகரைக் கடந்ததும் சாலை குறுகுகிறது. இருபுறமும் தேவதாரு போன்ற நெடுமரங்கள் செங்குத்தான சரிவுகளில் நெருங்கி நிற்கின்றன. ஒரு வளைவில் ஆறு இடப்பக்கம்; மறு வளைவில் வலப்பக்கம். பரப்பளவில் ஜப்பானின் மிகப் பெரிய கிராமமான தோட்சுகாவா இங்கே தொடங்குகிறது. 672 சதுர கிலோமீட்டர் பரப்பு; அதில் பெரும் பகுதி காடு. காமினோஜி என்னும் நிறுத்தத்தில் பேருந்து சிறிது நேரம் இளைப்பாறும். இறங்கி நடந்தால் தானிசே தொங்கு பாலம். 297 மீட்டர் நீளம். ஆற்றுக்கு மேல் 54 மீட்டர் உயரம். 1954ஆம் ஆண்டில் கிராமத்து மக்களே பணம் திரட்டிக் கட்டியது. ஆற்றில் மரப்பாலம் போட்டுப் போட்டு, ஒவ்வொரு வெள்ளத்திலும் அது அடித்துச் செல்லப்படக் கண்டு சலித்தவர்கள் எடுத்த முடிவு அது.

வெள்ளம் இவ்வூருக்குப் புதிதன்று. 1889ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் மலைகளே சரிந்து ஊர்கள் அழிந்தன. உயிர் பிழைத்தோரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவுக்குக் குடிபெயர்ந்து, 'புதிய தோட்சுகாவா' என்ற பொருளில் ஷின்-தோட்சுகாவா என்ற ஊரை அமைத்தனர். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த சூறாவளி மழையிலும் இந்தத் தீபகற்பம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது, சாலைகள் அறுந்தன, ஊர்கள் துண்டிக்கப்பட்டன.

இப்படிப்பட்ட பள்ளத்தாக்கில் நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போது கைபேசியை எடுத்துப் பாருங்கள் என்றுதான் இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன். ஒரே நிறுவனம் ஒரே நாளில் செய்த, ஒரே மாதிரியான இரண்டு இந்தியக் கைபேசிகள் இருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். இரண்டிலும் பேண்டு 8 உண்டு. பேண்டு 19 இல்லை. ஒன்றில் டொகோமோ வழி சிம், மற்றொன்றில் சாஃப்ட்பேங்க் வழி சிம். டோக்கியோவில் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. அங்கே எல்லா அலையும் நிறைந்திருக்கின்றன. மலை மறைவில், 800 அலையை மட்டும் நம்பியிருக்கும் இடத்தில், டொகோமோ சிம் போட்ட கைபேசி 'சேவை இல்லை' என்று சொல்லிவிடும். பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பெரியவர் அதே டொகோமோவில் தாராளமாகப் பேசிக்கொண்டிருப்பார். அதேபோல் சாஃப்ட்பேங்க் 900 அலையை நிறுத்தியிருக்கும் இடமானால், மற்றக் கைபேசி பேசும். கோபுரத்தின் மீதும் பிழை இல்லை. கைபேசியின் மீதும் பிழை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருக்கவில்லை, அவ்வளவே.

உயிர் காக்கும் வேளையில்

இதெல்லாம் படம் அனுப்புவதற்கும் நலம் விசாரிப்பதற்குமான பிரச்சினை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஜப்பான் நிலநடுக்க பூமி. நிலம் குலுங்கத் தொடங்கும் முன் சில வினாடிகளில் எச்சரிக்கை ஒலியை எல்லாக் கைபேசிகளுக்கும் ஒருசேர அனுப்பும் ஏற்பாடு அங்கே உண்டு. டொகோமோ இதனை 2007ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கியது. ரயிலில் அமர்ந்திருக்கும் நூறு பேரின் கைபேசியும் ஒரே நொடியில் அலறும். மேசைக்கு அடியில் புகுவதற்கும் அடுப்பை அணைப்பதற்கும் அந்தச் சில வினாடிகள் போதும். கோபுரத்தோடு தொடர்பற்ற கைபேசிக்கு அந்த ஒலி வராது. தொடர்பு இருந்தாலும், வெளிநாட்டுக் கைபேசிகள் யாவும் அதை எழுப்பும் என்று உறுதி கூறுவதற்கில்லை.

மற்றொன்றையும் கவனியுங்கள். வானூர்தி நிலையத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படும் சிம் அட்டைகளில் பல, இணையத்துக்கு மட்டுமானவை. அவற்றுக்குப் பேசும் எண் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஊருக்குப் பேசலாம். ஆனால் ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் உரிய 119ஐயோ, காவல்துறைக்குரிய 110ஐயோ அழைக்க முடியாது. முதியவர்கள் செல்லும்போது, விலை சற்றுக் கூடினாலும் பேசும் வசதியுள்ள சிம்மே தகும்.

பழைய தலைமுறைச் சேவைகள் மூடப்படுவதும் இத்துடன் சேர்ந்துகொண்டது. கே.டி.டி.ஐ. 2022 மார்ச்சில் தன் 3ஜி சேவையை நிறுத்தியது. சாஃப்ட்பேங்க் 2024இல் நிறுத்தியது. அவ்வாண்டின் முதல் நாளில் நோட்டோ தீபகற்பத்தை நிலநடுக்கம் தாக்கியதால், இஷிகாவா மாநிலத்துக்கு மட்டும் ஜூலை இறுதி வரை நீட்டித்தது. டொகோமோ 2026 மார்ச் இறுதியை எல்லையாக அறிவித்தது. 3ஜி மறைந்தால் பேச்சும் 4ஜி வழியாகவே போக வேண்டும். இம்முறைக்கு வோல்ட்டி என்று பெயர். அலைவரிசை பொருந்தியும், அந்த நிறுவனத்தின் வோல்ட்டி முறைக்கு இசையாத கைபேசியில் இணையம் வரும், குரல் வராது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் ஏ.டி.&டி. நிறுவனம் 3ஜி சேவையை மூடியபோது, நல்ல நிலையில் இருந்த கைபேசிகள் பலவும் இதே காரணத்தால் பேச்சிழந்தன.

நோட்டோ நிலநடுக்கத்தின்போது நிகழ்ந்த ஒன்று நினைவுகூரத் தக்கது. தரைக் கோபுரங்கள் முடங்கி, சாலைகள் பிளந்து கிடந்த நிலையில், வணிகத்தில் போட்டியாளர்களான டொகோமோவும் கே.டி.டி.ஐ.யும் ஒரே கப்பலில் தத்தம் கருவிகளை ஏற்றி, வாஜிமா கடலோரத்தில் நிறுத்தி, கடலிலிருந்தே கரைக்கு அலை அனுப்பின. அலைவரிசை வேறானாலும் துயர் துடைப்பதில் ஒன்றுபட்டனர்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

அருமை வாசகர்களே, அஞ்சுவதற்கு எதுவுமில்லை. சற்றே முன்யோசனை போதும்.

முதலில், கைபேசியின் பெயரை மட்டும் பாராதீர்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு மாடல் எண்ணில் கைபேசிகள் விற்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் அலைவரிசைகளும் வேறுபடும். அமைப்புப் பக்கத்தில் மாடல் எண்ணைப் பார்த்து, அதற்குரிய பேண்டுப் பட்டியலைத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் சரிபாருங்கள். அண்மைக்கால ஐபோன்களில் பெரும்பாலான பேண்டுகள் சேர்ந்தே வருகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளில்தான் பார்த்தறிய வேண்டும்.

அடுத்து, கைபேசியை மாற்றுவதைவிடச் சிம்மை மாற்றுவது எளிது. பேண்டு 19 இருந்தால் டொகோமோ வழி. 18 அல்லது 26 இருந்தால் கே.டி.டி.ஐ. வழி, இவை இல்லாமல் 8 மட்டும் இருந்தால் சாஃப்ட்பேங்க் வழி என்று தேர்ந்து கொள்ளுங்கள். நம் நாட்டுக் கைபேசிகளுக்குப் பெரும்பாலும் மூன்றாவது வழியே பொருந்தி வரும். பெருநகரங்களில் மட்டும் தங்குவோருக்கு எதுவாயினும் குறைவில்லை.

மூன்றாவதாக, ஜப்பானில் வானொலிக் கருவிகளுக்கு 'கிதேகி' என்னும் அரசு முத்திரை வேண்டும். அந்நாடு ஏற்கும் வெளிநாட்டுத் தரச் சான்று பெற்ற கைபேசியை, வந்து இறங்கிய நாளிலிருந்து 90 நாட்கள் வரை முத்திரையின்றிப் பயணிகள் பயன்படுத்தலாம். ஆண்டுக்கணக்கில் தங்கும் பிள்ளைக்கு இங்கிருந்து புதுக் கைபேசி வாங்கி அனுப்புவது அன்பின் அடையாளம்தான். ஆனால் அங்கேயே வாங்கிக் கொள்ளச் சொல்வது அவருக்கு நன்மை. அதேபோல் அங்கிருந்து வரும் கைபேசியில் நம் நாட்டுப் பேண்டு 5, 40 உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஜப்பானில் விற்கும் கைபேசிகள் பலவற்றில் படம் எடுக்கும்போது எழும் 'கிளிக்' ஒலியை நிறுத்த முடியாது என்பதையும் அறிந்திருங்கள்!

இறுதியாக, பத்து யென் நாணயங்கள் சிலவற்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். ரயில் நிலையங்களிலும் பொது இடங்களிலும் பொதுத் தொலைபேசிகள் இன்னும் இருக்கின்றன. 110, 119 எண்களுக்கு அவற்றில் காசு வேண்டியதில்லை. பேரிடர் காலத்தில் மற்ற அழைப்புகளும் இலவசமாக்கப்படுவதுண்டு.

தோட்சுகாவாவிலிருந்து திரும்பும் வழியில் கோபே துறைமுக நகரையும் பார்த்துவிட்டு வரலாம். கிட்டானோ குன்றுப் பகுதியில், 1935ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அதுவே. அந்நாளில் கோபேயில் வாணிகம் செய்த இந்திய முஸ்லிம்களின் பொருளுதவியும் அதில் உண்டு. போர்க்கால விமானக் குண்டுகளுக்கும் தப்பி, 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் 6,400க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட நிலநடுக்கத்துக்கும் தப்பி நிற்கிறது அந்தக் கட்டடம். அன்று அதிகாலை, உறவுகளின் கதியறியத் துடித்த மக்கள் பொதுத் தொலைபேசிகளின் முன் நீண்ட வரிசையில் நின்றனர். தொலைபேசி வழிகள் நெரிசலில் அடைபட்டன. அந்த அனுபவத்தின் பயனாக, 171 என்னும் எண்ணில் 'நான் நலம்' என்று குரலைப் பதிந்து வைக்கவும், உறவினர் அதே எண் வழியே கேட்டுக் கொள்ளவுமான சேவை 1998இல் தொடங்கப்பட்டது.

ஆகவே பயணத்துக்கு முன் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'என் கைபேசி உன் ஊர் மலையிலும் பேசுமா?' அவர் மாடல் எண்ணைக் கேட்டு விடை சொல்லட்டும். பேசாது என்றால், பேசும் சிம் ஒன்றை அவரே வாங்கி வைத்துக் காத்திருப்பார். தொலைதூரத்தில் இருக்கும் பிள்ளையின் குரலை எதிர்பார்த்து, வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருந்த தாய்மார்களுக்கு, அந்த ஒரு கேள்வியின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.